அம்மாவை ஒருவரும் விசாரிக்கவில்லை

வெள்ளவத்தைச் சந்தையில் என்னைக் காண்கிறவர்கள் இப்போதும் அப்பாவைத்தான் விசாரிக்கிறார்கள். "அப்பா நடக்கிறாரோ?" "காலை ஊண்டுறாரோ?" நடக்கிறார், ஊன்றுகிறார் என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். அம்மாவுக்கு எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பெற்ற பிள்ளைகள் மூன்று பேர், நாங்களே கேட்கவில்லை.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் எண்பதைத் தொட்ட இரண்டு பேர் ஒரு அடுக்குமாடிப் பிளற்றில் தனியாக இருக்கலாம். பிள்ளைகளில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போனில் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கினம்" என்று நீங்கள் நிம்மதியாகப் படுக்கலாம். அப்படியென்றால் கொஞ்சம் இருந்து வாசியுங்கள்.

அப்பா குளியலறையில் விழுந்தார். எனக்குச் சொன்னது அம்மா அல்ல. எதிர்வீட்டுப் பரீனா.

"கௌரி அக்கா, அங்கிள் உள்ளுக்கிருந்து கூப்பிடுற சத்தம் கேக்குது. பெல்லை அடிச்சு அடிச்சுப் பார்த்தேன், ஆன்ட்டி கதவத் தொறக்கிறா இல்ல. கெதியா வாங்க."

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். துறைமுகத்துக்குக் கிட்ட, சாமான் இறக்கி எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பனியில் வேலை. அங்கிருந்து ஓட்டோ பிடித்தேன். காலி வீதியில் பஸ்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்க, ஓட்டோக்காரனைத் திட்டித் திட்டித்தான் வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்தேன். என்னிடம் ஒரு திறப்பு இருந்தது. கதவைத் திறந்தால் அம்மா ஹோலில் சுளகை மடியில் வைத்துப் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருக்கிறார்.

"அம்மா, அப்பா எங்கை?"

"மெல்லக் கதை. அப்பா நித்திரை."

அப்பா குளியலறைத் தரையில் கிடந்தார். தலைக்குக் கீழே ஒரு தலையணை. மேலே மடிப்புக் குலையாமல் போர்த்திய படுக்கை விரிப்பு. வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பி, அவருடைய காலே அல்லாததுபோல் கிடந்தது. முகம் வேர்த்து வெளுத்திருந்தது.

நான் திரும்பி அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். "இவ்வளவு நேரமும் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்? எனக்கொரு போன் எடுக்க ஏலாதே?"

பேச்சு வந்தது தரையில் கிடந்தவரிடமிருந்துதான். "அவவைப் பேசாதை பிள்ளை. பயந்துபோனா."

அந்த நேரத்திலும் அவர் முதலில் சொன்னது அதுதான். நான் நம்பினேன். அதிர்ச்சியில் மனிதர்கள் ஒவ்வொரு மாதிரி நடப்பார்கள் என்று நானே எனக்கு விளக்கமும் சொல்லிக்கொண்டேன்.

கிட்ட இருக்கிற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பு மேலே போய் இடுப்புக் குழியில் பொருந்தும் இடத்தில் உருண்டையாக ஒரு தலை இருக்கும், அதற்குக் கீழே ஒரு கழுத்து. அந்தக் கழுத்துத்தான் முறிந்திருந்தது. வயதானவர்களுக்கு அது தானாகப் பொருந்தாது, அந்த உருண்டையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். நல்ல மனிதர். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறிமாறிச் சொல்லி, கடைசியில் துண்டுக் கடதாசியில் படமும் கீறிக் காட்டினார்.

ஆனால் உடனே வெட்ட முடியாது. அப்பா இதயத்துக்காக இரத்தம் கட்டிபடாமல் இருக்கக் குளிசை எடுக்கிறவர். அதை நிறுத்திச் சில நாட்கள் பார்த்துத்தான் கத்தி வைக்கலாம். இடையில் எக்கோ எடுக்க வேண்டும். எக்கோ என்றால் நெஞ்சின் மேல் ஒரு கருவியை வைத்து உருட்டி, இதயம் எப்படி அடிக்கிறது என்று திரையில் பார்ப்பது. வலிக்காது. காத்திருப்பதுதான் வலி. நீள வாங்கில் உட்கார்ந்து, பெயர் கூப்பிடும்போது சிங்கள வாயில் அப்பாவின் நீண்ட பெயர் எப்படி வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

ஆண்கள் வார்ட்டில் பெண்கள் தங்க முடியாது. பார்வையாளர் நேரம் முடிந்தால் தாதி மிஸ்ஸி வந்து கையைத் தட்டுவார். அதனால் என் கணவர் ஜெயன்தான் இரவுகளில் அப்பாவோடு இருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தபடி நித்திரை. காலையில் அங்கேயே முகம் கழுவி, வேலைக்குப் போவார். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. மாமனாருக்குச் சிறுநீர் கழிக்கச் சலப்போத்தல் பிடித்த மருமகனைப் பற்றி எங்கள் சொந்தத்தில் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. இங்கே நான் சொல்கிறேன்.

அம்மாவைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். இந்த நேரத்தில் போனில் கூட்டம் தொடங்கியிருந்தது.

எங்கள் அண்ணா சுதன் ரொறன்ரோவில். தங்கச்சி மாலா லண்டனில். எங்கள் மூன்று பேருக்கும் வட்ஸ்அப்பில் ஒரு குழு. அதில் அதுவரை பிறந்தநாள் கேக்கும் கோயில் படமும்தான் வரும். அப்பா விழுந்த பிறகு அது மந்திரிசபை ஆகிவிட்டது. நான் எக்கோ வாங்கில் இருந்துகொண்டே அண்ணாவின் குரல் செய்திகளைக் கேட்டேன்.

"கௌரி, நான் யோசிச்சுப் பார்த்தனான். ஒப்பரேஷன் முடிய அப்பாவை வீட்டை கொண்டுபோவம். அம்மா இருக்கிறா தானே. அம்மா நல்ல ஸ்ட்ரோங். பகலிலை ஒரு ஆளைப் போடுவம், மிச்சத்தை அம்மா பார்ப்பா. காசைப் பற்றி நீ யோசியாதை."

மாலாவும் அதற்கு ஆமாம் போட்டாள். "ஓமக்கா. அம்மாவுக்கு அப்பாவைப் பார்க்காட்டித்தான் வருத்தம் வரும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பொய் சொல்லவில்லை. நிம்மதியாகவே இருந்தது. வேலையை விடத் தேவையில்லை, ஒருவரையும் ஓரிடத்திலும் விடத் தேவையில்லை. அம்மா இருக்கிறார். மூன்று பேரும் கைதூக்கித் தீர்மானம் நிறைவேற்றியாயிற்று. அம்மாவிடம் கேட்டோமா? இல்லை.

ஒப்பரேஷன் நன்றாக நடந்தது. அடுத்த நாள் நான் போனபோது அப்பா என்னை அடையாளம் காணவில்லை. கையில் ஏறிக்கொண்டிருந்த சேலைன் குழாயைப் பிடித்து இழுத்தார். ஜெயன் அவருடைய இரண்டு கைகளையும் பொத்திப் பிடித்தபடி நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"பய வெண்ட எபா" என்றார் மிஸ்ஸி என்னிடம். பயப்பட வேண்டாமாம். டொக்டர் வந்து விளக்கினார். இதற்கு டெலிரியம் என்று பெயர். வயதானவர்களுக்கு மயக்க மருந்து, வலி, புது இடம், நித்திரைக் குறைவு எல்லாம் சேர்ந்து மூளை கொஞ்ச நாளைக்குக் குழம்பும். பகல் எது இரவு எது தெரியாது. இல்லாத ஆட்கள் தெரிவார்கள். பெரும்பாலும் தானாகத் தெளியும். தெரிந்த முகங்கள் பக்கத்தில் இருந்து, தெரிந்த விஷயங்களைக் கதைத்துக்கொண்டிருந்தால் நல்லது.

நான் பக்கத்தில் இருந்தேன். அப்பா கதைத்துக்கொண்டேயிருந்தார். உரத்து அல்ல. கோயிலில் பூசை நடக்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதுபோல, உதடு பெரிதாக அசையாமல், இடப்பக்கம் சரிந்து.

"சுதன். மூத்தவன். ரொறன்ரோ. மகள் அனிஷா. சோதினை எப்படி எண்டு கேளும்."

கொஞ்சம் நிறுத்துவார். திரும்பவும் தொடங்குவார்.

"இது மாலா. கடைசி. லண்டன். குளிரோ எண்டு கேளும். சிரியும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதர் புத்தி தடுமாறுகிற நேரத்திலும் பிள்ளைகளின் பெயர்களைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார் என்று நினைத்தேன். அதைப் போனில் பதிந்து குழுவில் போட்டேன். மாலா அழுகிற முகங்களாக அனுப்பினாள். அண்ணா, "அப்பாவின்ரை பாசம்" என்று எழுதினான். மூன்று படித்த முட்டாள்கள்.

அந்தக் கிழமைதான் காஸ் விஷயம் நடந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து நான் வீட்டுக்கு வந்தால் படியிலேயே மணம் அடிக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்பில் கேத்தல், காஸ் திறந்திருக்கிறது, நெருப்பு இல்லை. ஜன்னல் பூட்டு. அம்மா மேசையில் கோப்பையை வைத்துவிட்டுத் தண்ணீர் கொதிக்கும்வரை காத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நெருப்புப் பெட்டி.

நான் காஸை மூடினேன். ஜன்னல்களைத் திறந்தேன். "அம்மா, மணக்கேல்லையே உங்களுக்கு?"

"இது உன்ரை அடுப்பு பிள்ளை. எனக்குப் பிடிபடேல்லை."

உண்மைதானே என்று நினைத்தேன். அவருடைய அடுப்பு வேறு. இதையும் விளக்கிக் கடந்துவிட்டேன். விளக்கம் சொல்ல விரும்புகிறவனுக்கு விளக்கம் கிடைத்துக்கொண்டேயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் ஞாயிறு போன் என்பது கோயில் போவதுபோல. அப்பா குளித்து, சேர்ட் போட்டு, ஹோலில் இரண்டு கதிரைகளை இழுத்துவைத்து, போனைப் பிடித்துக்கொண்டு இருப்பார். திரையில் தெரிவது அம்மாவின் முகம் மட்டும். அப்பாவின் கை கொஞ்சம் தெரியும். "அம்மாவோடை கதையுங்கோ, எனக்கு என்ன இருக்கு" என்பார். எல்லாரும் அதை அப்பாவின் பெருந்தன்மை என்று சொல்வோம்.

அந்த ஞாயிறு அப்பா வார்ட்டில். போனைப் பிடித்தது நான். அம்மாவுக்கு முன்னால் இருந்து, கையை நீட்டிப் பிடித்தேன்.

"அம்மா!" என்றான் அண்ணா திரையில்.

அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. பிறகு மெதுவாக இடப்பக்கம் திரும்பினார். அங்கே ஒரு கதிரை. அதில் ஜெயன் தலை துவட்டிய துவாய் கிடந்தது. அம்மா துவாயைப் பார்த்தார். காத்திருந்தார்.

"அம்மா, சாப்பிட்டீங்களே?" என்றான் அண்ணா.

அம்மா திரும்பவும் சிரித்தார். திரும்பவும் இடப்பக்கம் பார்த்தார். கையால் கதிரையின் விளிம்பைத் தொட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, நல்ல மரியாதையாக, "இந்தத் தம்பி ஆர்?" என்று கேட்டார்.

அண்ணா, "லைன் சரியில்லை போலை, கௌரி, சத்தம் வருகுதில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் போனை வைத்துவிட்டேன்.

இடப்பக்கம். அப்பா வார்ட்டில் சரிந்து கிசுகிசுத்த அதே பக்கம். அவர் பிள்ளைகளின் பெயர்களைப் பிடித்துக்கொண்டு கிடக்கவில்லை. ஞாயிறு வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

நான் குசினிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். தலையணை, போர்வை, காஸ், "அப்பா நித்திரை" என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. இந்த மனுஷியை நம்பித்தான் கால் முறிந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பத் தீர்மானம் போட்டிருக்கிறோம். இன்னும் சில நாளில் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அவரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். அவர் திரும்ப விழுந்தால் இவர் திரும்பவும் தலையணை வைத்துப் போர்த்துவிடுவார்.

அம்மாவை டொக்டரிடம் கொண்டுபோனேன், இந்த முறை தனியார் இடத்துக்கு. இரத்தம் எடுத்தார்கள். தைரொயிட் குறைந்தாலும் சில விற்றமின் குறைந்தாலும் மறதி வருமாம், அது இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரத்தத்தில் குறை இல்லை. தலைக்கு ஸ்கானும் எடுத்தார்கள். பிறகு டொக்டர் கேள்விகள் கேட்டார். நான் தமிழில் மாற்றிச் சொல்ல வேண்டும், ஆனால் விடை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இன்றைக்கு என்ன கிழமை? இது எந்த ஊர்? ஒரு மணிக்கூடு கீறுங்கள்.

அம்மா வட்டம் அழகாகக் கீறினார். எண்கள் எல்லாம் ஒரு பக்கத்தில் வந்து குவிந்தன. பிறகு பேனையை மேசையில் வைத்துவிட்டு, கொஞ்சம் கோபமாகவே சொன்னார்:

"இதெல்லாம் அவரிட்டைக் கேளுங்கோ. நான் வீட்டைப் பார்க்கிறன், அவர் வெளியைப் பார்க்கிறவர்."

நான் அதை மாற்றிச் சொன்னேன். டொக்டர் சிரிக்கவில்லை. இது வயதோடு வரும் சாதாரண மறதி இல்லை, டிமென்ஷியா என்றார். திறப்பை எங்கே வைத்தோம் என்று மறப்பது மறதி. திறப்பு எதற்கு என்று மறப்பது இது. மூளையின் உயிர்க்கலங்கள் மெதுவாக அழிகின்றன. திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை, கொஞ்சம் மெதுவாக்கலாம். தொடங்கிச் சில காலம் ஆகியிருக்கும், வீட்டில் யாரோ நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதுதான் வெளியே தெரியவில்லை என்றார்.

அப்பாவுக்குப் புத்தி தெளிந்திருந்தது. பிசியோதெரபிக்காரப் பிள்ளை அவரை வோக்கரில் நாலைந்து அடி நடக்கவைத்துவிட்டுப் போனாள். வோக்கர் என்றால் நான்கு காலுள்ள அலுமினியச் சட்டம், முன்னால் வைத்து ஊன்றி நடப்பது. அப்பா கட்டிலில் இருந்து மூச்சு வாங்கினார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அம்மாவுக்கு எவ்வளவு காலமாய் இப்பிடி?"

"எப்பிடி?"

"அப்பா, நடிக்காதேங்கோ. சுதனை ஆரெண்டு கேட்டவ."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் பப்பாசித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இருந்திருந்தா கேட்டிருக்கமாட்டா."

"அதுதான் கேக்கிறன். எவ்வளவு காலம்?"

"அனிஷா சோதினை எழுதின நேரம் தொடங்கினது."

அனிஷா அந்தச் சோதினை எழுதி, பல்கலைக்கழகம் போய், இப்போது வேலைக்கும் போகிறாள். அவ்வளவு காலம். சந்தைக்குப் போனது அப்பா, சமைத்தது அவர், உடுப்பு எடுத்துவைத்தது அவர், குளிசை கொடுத்தது அவர். "அம்மாவின்ரை மீன்குழம்பு" என்று நான் வீட்டுக்கு டிபன் பெட்டியில் கொண்டுவந்து சாப்பிட்டது அப்பா வைத்த குழம்பு.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வார்ட் என்றும் பார்க்கவில்லை. "ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை? நாங்கள் என்ன றோட்டிலை போறவையே?"

"சொன்னா என்ன செய்வியள்?" அப்பாவின் குரலும் உயர்ந்தது. "மூண்டு பேரும் போனிலை கூட்டம் வைப்பியள். பிறகு அவவை ஒரு இடம், என்னை ஒரு இடம். எனக்குத் தெரியாதே என்ரை பிள்ளையளை?"

அன்று காலையில்தான் அண்ணாவிடமிருந்து அப்படியே ஒரு திட்டம் வந்திருந்தது.

அம்மாவின் வருத்தத்தைச் சொன்னபோது அவன் முதலில் நம்பவில்லை. "சும்மா விசர்க்கதை கதையாதை. விழுறதுக்கு முதல் ஞாயிறும் அம்மா என்னோடை நல்லாத்தானே கதைச்சவ?"

"கதைச்சது அப்பா. அம்மாவின்ரை வாயாலை."

அண்ணா அழுதான். அதை மறைக்கவில்லை, அதற்காக அவனை மதிக்கிறேன். ஆனால் அழுது முடித்த கையோடு திட்டமும் போட்டுவிட்டான். அம்மாவைப் பெண்கள் மட்டும் இருக்கிற ஒரு இடத்தில் விடுவது, அப்பாவை வெள்ளவத்தை பிளற்றில் ஒரு ஆளைப் போட்டுப் பார்ப்பது. மாலாவுக்கு வேறு யோசனை.

"அக்கா, நீ வேலையை விடன். நாங்கள் ரெண்டு பேரும் உனக்கு மாதம் மாதம் அனுப்புறம்."

"எனக்குச் சம்பளம் போட்டு வேலைக்காரியா வைக்கப்போறியே?"

"நான் அப்பிடிச் சொன்னனானே? நீதானே கிட்ட இருக்கிறாய்."

நீதானே கிட்ட இருக்கிறாய். இந்த ஒரு வசனத்தை வெளிநாட்டில் இருக்கிற எத்தனை பேர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்கள்! கிட்ட இருப்பது நான் செய்த குற்றம்போல. எனக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலிக்கிறது, என் வீட்டுக் குளியலறை செங்குத்துப் படியேறி மேலே இருக்கிறது. கால் முறிந்தவரையும் காஸ் திறப்பவரையும் அந்த வீட்டில் வைத்துப் பார்க்க என்னால் முடியாது. முடியாது என்று எழுதினேன். அந்தச் சொல்லை எழுத எனக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்தது.

ஒன்றையும் சேர்த்து எழுதினேன்: இரண்டு பேரையும் பிரிக்க நான் விடமாட்டேன். பிரித்தால் அம்மாவுக்கு இடப்பக்கம் இருக்காது.

இருவரையும் ஒன்றாக எடுக்கும் முதியோர் இல்லம் தேடினோம். வேலை முடிய நானும் ஜெயனும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். ஓரிடத்தில் ஆண்களை எடுக்க மாட்டார்கள். ஓரிடத்தில் மறதி வருத்தம் என்றதும் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்கள். இன்னோரிடத்தில் இருவரையும் எடுப்பார்கள், ஆனால் ஆண்கள் ஒரு கட்டிடம், பெண்கள் ஒரு கட்டிடம், பின்னேரத்தில் முற்றத்தில் சந்திக்கலாம். எழுபது வயது மனிதர் ஒருவர் முற்றத்து வாங்கில் இருந்து எதிர்க் கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் அப்பாவை அனுப்பப்போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு நோயாளிக்குக் கட்டில் வேண்டும், நியாயம்தான். ஒரு நாள் அவகாசம் கேட்டேன், தந்தார்கள்.

அந்தக் கடைசி நாளில்தான் தெஹிவளைப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீடு கிடைத்தது. பெரிய வீடு, கீழ்த்தளத்தில் அறைகள், பிடித்து நடக்கச் சுவரோடு கம்பி. நடத்துகிற அம்மையார் சிங்களத்தி, தமிழ் கதைப்பார். புருஷன் பெண்சாதிக்கு ஒரே அறை கொடுப்பார், இருவரில் ஒருவராவது புத்தித் தெளிவாக இருந்தால். மாதக் கட்டணம் கொஞ்சம் இல்லை. அண்ணா கட்டுகிறான், மாலாவும் பங்கு போடுகிறாள். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். காசு அனுப்புவதும் பார்ப்பதுதான், ஆனால் அது மட்டும்தான் பார்ப்பது என்று நினைக்கக் கூடாது.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். சண்டை பிடிப்பார் என்று ஆயத்தமாகப் போனேன். அவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"ஒரே அறையோ?"

"ஓம். ரெண்டு கட்டில், பக்கத்திலை பக்கத்திலை."

அப்பா தலையாட்டினார். "உங்களை விடப்போறம் எண்டு அவவுக்குச் சொல்லாதை. வரமாட்டா. என்னை விடப்போறம் எண்டு சொல்லு."

"திரும்பவும் பொய்யோ அப்பா? இந்தப் பொய்யாலைதானே இவ்வளவும்."

"இதிலை என்ன பொய்? காலைப் பார். எனக்கு ஏலாது தானே?"

அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனையில் அம்மாவுக்கு முன்னால் இருந்து சொன்னேன். "அம்மா, அப்பாவுக்குக் கால் ஏலாது. ஒரு இடத்திலை விட்டுப் பார்க்கப்போறம்."

அம்மாவின் முகம் மாறியது. பல நாளுக்குப் பிறகு எனக்குத் தெரிந்த முகம். "தனியவோ?" என்றார். "அவருக்குத் தேத்தண்ணி ஆர் போடுறது? அந்த மனுஷனுக்கு ஒண்டும் தெரியாது. நானும் போறன்."

எழும்பிப்போய்ப் பையை எடுத்தார். அப்பாவின் சாரம் மூன்று, ஒரு துவாய், என் வீட்டுத் தேயிலைப் பேணி. தன்னுடைய சேலை ஒன்றைக்கூட வைக்கவில்லை. அதை நான் பிறகு எடுத்துவைத்தேன்.

மறுநாள் அந்த வீட்டு வாசலில் அம்மையார் வந்து நின்று, "நோயாளி யாரு?" என்று கேட்டார். அப்பா வோக்கரை ஊன்றியபடி கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பெயர் கூப்பிட்டதுபோல. "நான்தான்."

"நான் இவரைப் பார்க்கிறனான்" என்றார் அம்மா. பிறகு என்னிடம் திரும்பி, "நீ போ பிள்ளை, வேலைக்குப் பிந்தப்போகுது."

ஓட்டோவில் ஏறும்வரை நான் அழவில்லை. ஏறிய பிறகு காலி வீதி முழுக்க அழுதேன். ஓட்டோக்காரர் ஒன்றும் கேட்காமல் வானொலியை நிறுத்தினார்.

"ஹோமிலையோ விட்டனீங்கள்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஓம், ஹோமில்தான். ஒரே அறையில். குரலைத் தாழ்த்தத் தேவையில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அம்மா சில நாட்களில் பின்னேரமானால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவைத் தட்டுகிறாராம். போன கிழமை என்னையே, "ஆருடைய பிள்ளை நீ?" என்று கேட்டார். நான் முற்றத்துக்கு வந்து செருப்பைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஞாயிறு போன் அங்கே இருந்தும் நடக்கிறது. முதல் ஞாயிறு நான் போயிருந்தேன். அப்பா வழமைபோல் சேர்ட் போட்டு, அம்மாவுக்கு இடப்பக்கம் கதிரையில் இருந்தார். போனை நான் பிடித்தேன். அண்ணா திரையில் வந்ததும், அப்பா சரிவதற்கு முன்னாலேயே, அவன் பெலத்த குரலில் சொன்னான்:

"அம்மா, நான் சுதன். உங்கடை மூத்தவன். ரொறன்ரோவிலை இருந்து கதைக்கிறன்."

"அது தெரியும். சாப்பிட்டியே?"

"சாப்பிட்டன் அம்மா."

"உன்ரை மகள்..." என்று தொடங்கிய அம்மா நின்றார். இடப்பக்கம் திரும்பினார். அப்பாவின் உதடு அசையத் தொடங்கியது. அதற்குள் அண்ணா முந்திவிட்டான்.

"அனிஷா, அம்மா."

"ஓம், அனிஷா. சோதினை எப்படி எழுதினவள்?"

அண்ணா திருத்தவில்லை. "நல்லா எழுதினவள் அம்மா" என்றான்.

அவன் தொடர்ந்து கதைத்தான். குளிரைப் பற்றி, அனிஷாவைப் பற்றி, தன் முழங்கால் வலியைப் பற்றி. ஒவ்வொரு பெயரையும் தானே சொல்லிச் சொல்லிக் கதைத்தான். நான் இடப்பக்கம் பார்த்தேன். அப்பா கதிரையில் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்திருக்க, உறங்கிவிட்டார். வோக்கர் அவருடைய முழங்காலில் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு ஞாயிறு போனிலும் அவர் கண்ணை மூடி நான் கண்டதில்லை.

அண்ணா எதற்கோ பெலத்துச் சிரித்தான். அம்மா போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார்.

"மெல்லக் கதை. அப்பா நித்திரை."